நான்காவது நிரை

மேலே போனவர்கள் நான்கு பேர். இறங்கி வந்து என் வீட்டுப் பீப்பாய்த் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேர். மழை தகரத்தில் விழத் தொடங்கினால் இன்றும் நான் கையிலிருப்பதை வைத்துவிட்டு எண்ணத் தொடங்கிவிடுகிறேன். மூன்றுக்குப் பிறகு கொஞ்ச நேரம் எனக்கு எண்ண வருவதில்லை.

பூண்டுலோயாவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் என் கணவர் மருந்துக்காரர். தோட்டத்தார் அவரை டொக்டர் ஐயா என்பார்கள். அதனால் நான் டொக்டரம்மா. நான் பிறந்தது கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில்தான். பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்து மேலே வந்தவள். எங்களுக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாகப் பிறந்தவளை மழையில் விட மாட்டேன், பனியில் விட மாட்டேன். தொண்டை கரகரத்தால் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்ப மாட்டேன். பதினைந்து வயது வரைக்கும் அப்படித்தான் வளர்த்தேன்.

அந்த வருடம் அவளுடைய பூமிசாஸ்திர வாத்தியார் வகுப்பை நாலு நாலு பேராகப் பிரித்தார். ஒவ்வொரு கூட்டமும் தான் பார்க்கும் மலை ஒன்றை மேடுபள்ளம் தெரியக் காகிதக் கூழில் செய்து வருட முடிவுக் கண்காட்சிக்குக் கொண்டுவர வேண்டும். புத்தகத்தைப் பார்த்துச் செய்யக்கூடாது, காலால் நடந்து அளந்து செய்ய வேண்டும். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே புள்ளி. ஒருத்தி பங்கு வராவிட்டால் நாலு பேருக்கும் முட்டை என்று சொல்லிவிட்டாராம்.

மகளுடைய கூட்டத்தில் மற்ற மூவரையும் எனக்குத் தெரியும். ஒருத்தி எங்கள் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையின் மகள். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடுகிற அப்பாவின் குரல் அப்படியே அவளுக்கும் வாய்த்திருந்தது. இன்னொருத்தி கொழுந்து எடுக்கிறவரின் மகள். லயத்திலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் வந்த பெண் அப்போது அவள் ஒருத்திதான். அதிகம் பேச மாட்டாள். பேசினால் மற்றவர்கள் சிரித்துவிட்டுக் கொஞ்சம் முழிப்பார்கள். மூன்றாவது பெண் பூண்டுலோயாக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரியின் மகள். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து, மாலை பஸ்ஸில் அவள் திரும்பிவிட வேண்டும். முதல் நாள் அவளுடைய வாப்பாவே கூட வந்தார். வாசலில் நின்றபடி, "ஒங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்ம்மா" என்றார். நான் தலையாட்டினேன்.

முதல் மூன்று சனிக்கிழமையும் சண்டைதான். பழைய பத்திரிகைகளை ஊற வைத்துக் கூழாக்க நாலு பேரும் தயார். மலை ஏறி அளக்க ஆள் இல்லை.

"நீ இத்தன நாளா என்ன செஞ்ச, சொல்லு?" என்று கடைக்காரர் மகளைக் கேட்டாள் கணக்குப்பிள்ளை மகள்.

"துணி கொண்டாந்தேன்ல. வாப்பா நாலு கலர்ல கிழிச்சுக் குடுத்தாங்க. குச்சியில கட்டுறதுக்கு."

"துணி கொண்டாந்துட்டா மலை வந்துருமா?"

"நீ இடுப்புல கை வச்சுக்கிட்டு வெரட்டுனா வந்துரும்."

என் மகள் மெதுவாகச் சொன்னாள்: "நான் மேல வாறேன். ஆனா மழை வந்தா எங்கம்மா விட மாட்டாங்க."

"அப்ப மழைய வெளியில நிறுத்தி வச்சுட்டுத்தான் மலைக்குப் போகணும்" என்றாள் லயத்துப் பெண், கூழிலிருந்து தலையைத் தூக்காமல். மூவரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். அடுக்களையில் நின்ற நான் அவள் காது சிவந்ததைப் பார்த்தேன்.

அதற்கு வழி கண்டுபிடித்தவள் கணக்குப்பிள்ளை மகள்தான். கொழுந்து மலையில் நடப்பதைப் போலவே செய்வோம் என்றாள். அங்கே கங்காணி ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை பிரித்துக் கொடுப்பார். நிரை என்றால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே அடியிலிருந்து முடி வரைக்கும் போகிற வரிசை. தன் நிரையைத் தானே முடிக்க வேண்டும். அடுத்தவள் நிரையில் கால் வைத்தால் பெரிய வாக்குவாதம் வந்துவிடும். முடிக்காமல் இறங்கினால் அரை நாள் சம்பளம்தான். அதற்கு அரைப்பேர் என்று சொல்லுவார்கள். அதைவிடக் கேவலம் ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு மலையில் அப்போதுதான் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் நிலத்தின் மேடுபள்ளம் எல்லாம் வெளியே தெரியும். கொழுந்து வரும் வரைக்கும் அங்கே ஆட்களும் இருக்க மாட்டார்கள். அந்த மலையைக் கீழ் ரோட்டிலிருந்து மேலே முடி வரைக்கும் நான்கு நிரையாகப் பிரித்தார்கள். முதல் நிரை கணக்குப்பிள்ளை மகளுக்கு, இரண்டாவது லயத்துப் பெண்ணுக்கு, மூன்றாவது கடைக்காரர் மகளுக்கு. நான்காவது என் மகளுக்கு. அதுதான் ஓரத்து நிரை. அதற்கு அப்பால் ஓடை.

முடிச்சுப் போட்ட தும்புக் கயிற்றால் அளந்து, கல் இருக்கிற இடத்திலும் தண்ணீர் வடிய வெட்டிய கான் ஓடுகிற இடத்திலும் துணி கட்டிய குச்சியை நட்டு, அதைத் தன் தாளில் குறித்துக்கொண்டு ஏற வேண்டும். மஞ்சள், நீலம், பச்சை. என் மகளுக்குச் சிவப்பு. நாலு தாளையும் கடைசியில் ஒட்டிச் சேர்த்துக்கொள்ளலாம், அதுவரைக்கும் ஒருத்தி வேலையில் ஒருத்தி தலையிடக்கூடாது என்று பேச்சு.

சண்டை அன்றோடு நின்றது. வேலை ஓடியது. நானும் மனதுக்குள் மெச்சினேன். பிள்ளைகள் என்ன அழகாகப் பிரித்துக்கொண்டார்கள் என்று இவரிடமும் சொன்னேன். ஒருத்தி தாளை ஒருத்தி எட்டிப் பார்த்தால்கூட, "என் நிரையில வந்து ஏன் நிக்கிற?" என்று கேலி செய்துகொண்டார்கள். இரண்டு முறை மேகம் கறுத்தபோது நான் மகளைப் பாதியில் கூப்பிட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவளுக்கு அரைப்பேர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "அரைப்பேரு வந்துட்டாடி, தேத்தண்ணி ஊத்துங்க" என்பார்கள். அவள் எனக்கு முன்னால் அழவில்லை.

ஐப்பசி மாதம். காலையில் வெயில் பளிச்சென்று இருக்கும், மதியத்துக்குப் பிறகு ஊற்றிவிடும். அன்று இவர் மருந்துப் பெட்டி எடுக்க ஹட்டனுக்குப் போயிருந்தார். வெயிலைப் பார்த்து நானும் மகளை அனுப்பினேன். "இன்னைக்கு முடிச்சுருவேன்மா. மழை வந்தாலும் கூப்புடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மழை தூறலாக வரவில்லை. ஒரேயடியாக விழுந்தது. வாசலுக்கு எதிரே இருக்கிற கொய்யா மரம் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது மூன்று பெண்களும் ஓடி வந்தார்கள். பீப்பாயடியில் நின்று சேற்றுக் காலைக் கழுவினார்கள்.

"அவ எங்க?" என்று கேட்டேன்.

"அவ நிரை இன்னும் முடியலைங்க டொக்டரம்மா" என்றாள் கணக்குப்பிள்ளை மகள். ஏதோ கடைக்குப் போயிருக்கிறாள் என்பது போலச் சொன்னாள்.

"முடியலைன்னா விட்டுட்டு வந்துருவீங்களா?"

கடைக்காரர் மகள்தான் அடுத்த நிரைக்காரி. அவளைப் பார்த்தேன். அவள் முக்காட்டைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "நான் முடிச்சுட்டு எறங்குறப்பக் கூப்பிட்டேன். அரைப்பேரா முழுப்பேரான்னு கேட்டேன். முழுப்பேருதான், நீ போடின்னா. அப்ப மழை இல்லங்க."

"மழை வந்த பிறகு?"

"அவ பக்கம் பாக்கலங்க. அது அவ நிரை."

அவள் குறும்பாகச் சொல்லவில்லை. மூன்று பேரும் என்னைப் பார்த்த பார்வையில் குற்றம் செய்த சாயல்கூட இல்லை. எங்கள் வழக்கப்படி அவர்கள் செய்தது சரி. அதற்குப் பிறகுதான் லயத்துப் பெண் கழுவிய காலை மறுபடி சேற்றில் வைத்தாள். "அவ நிரையில கான் இருக்கு" என்றாள்.

ஆள் கூப்பிட லயத்துக்குப் போய் வர அரை மணி நேரமாவது ஆகும். அதுவரைக்கும் என்னால் நிற்க முடியவில்லை. மேலே ஓடினேன். அவர்களும் பின்னால் வந்தார்கள்.

கவ்வாத்து வெட்டிய மலையில் மழையைத் தாங்க இலை கிடையாது. விழுகிற தண்ணீர் விழுந்த வேகத்திலேயே மண்ணை இழுத்துக்கொண்டு கீழே வருகிறது. வெட்டிய கவைகள் சேலையைப் பிடித்து இழுத்தன. நான்காவது நிரையின் அடியில் முதல் சிவப்புத் துணி தெரிந்தது. அதற்கு மேலே இன்னொன்று. ஒவ்வொரு துணியாகப் பிடித்துக்கொண்டு ஏறினேன். எல்லாம் நேராக, அழுத்தமாக நட்டிருந்தாள். ஒவ்வொன்றைப் பார்த்ததும் மூச்சு வரும். அடுத்தது தெரியும் வரைக்கும் நின்றுவிடும்.

பிறகு துணி இல்லை. கான் இருந்தது.

வெயில் நாளில் அதைத் தாண்டுவது ஒன்றும் பெரிய காரியமில்லை, அவளும் காலையில் தாண்டித்தான் போயிருப்பாள். இப்போது அது செம்மண் நிறத்தில் கரையை உடைத்துக்கொண்டு ஓடியது. மேலேயிருந்து குறுக்காக இறங்கி, எங்களுக்கு வலது பக்கத்தில் ஓடையில் போய் விழுந்தது. அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கானின் ஓரத்தில் ஒரு குச்சி சாய்ந்து கிடந்தது. அதில் கட்டிய சிவப்புத் துணி தண்ணீரில் நீண்டு நீண்டு ஆடியது.

அவள் தாண்டப் பார்த்தாளா? தாண்டும்போது இழுத்துக்கொண்டு போய்விட்டதா? ஓடைப் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. குடையைப் போட்டுவிட்டுக் கானில் இறங்கப் போனேன். யாரோ முந்தானையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். லயத்துப் பெண்.

"எறங்காதீங்கம்மா. நீங்க எறங்குனா ரெண்டு பேரத் தேடணும்."

"விடு. அவ அந்தப் பக்கம் இருக்காளா இல்லையான்னு தெரியணும்."

"தெரியணும்னா அந்தப் பக்கம் போகணும். இதுல போக முடியாது."

கணக்குப்பிள்ளை மகள் அழ ஆரம்பித்திருந்தாள். எல்லாவற்றுக்கும் உத்தரவு போடுகிறவள் அப்போது என் கையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைக்காரர் மகள்தான் திடீரென்று கேட்டாள்: "இந்தக் கான்தானே என் நிரையிலயும் வருது?"

"எங்க வருது?" என்றாள் லயத்துப் பெண்.

"நடுவுல, கொஞ்சம் மேல. அங்க இவ்வளவு அகலம் இல்ல. நான் பச்சைத் துணி போட்டிருக்கேன்."

"அப்ப அதுதான் என் நிரைக்கும் வருது. நான் ரெண்டு கான்னு நெனச்சேன்." அவள் கையால் மலையைக் குறுக்காகக் கிழித்துக் காட்டினாள். "என் நிரையில அது பெரிய கல்லுக்கிட்டத்தான் ஆரம்பிக்குது. கல்லுக்கு மேல கான் இல்ல. வெறும் நெலம்."

"என் நிரையில கானே இல்லயே" என்றாள் கணக்குப்பிள்ளை மகள், அழுகையோடு. "மேல வரைக்கும் படிக்கல்லு."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அத்தனை சனிக்கிழமைகளில் ஒருத்தி மலையை ஒருத்தி கேட்டது அதுதான் முதல் தடவை. முதல் நிரைப் படியில் ஏறினால் பெரிய கல் வரும். கல்லுக்கு மேலே போய்விட்டால் குறுக்கே கான் கிடையாது. அங்கிருந்து நேரே நான்காவது நிரைக்கு நடந்து போகலாம். மகள் அந்தப் பக்கம் இருந்தாளானால், அவளும் அதே வழியில் எப்போதோ இறங்கி வந்திருக்கலாம். அவளுக்கு அது தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அது அவர்கள் நிரை.

இப்போது முன்னால் கணக்குப்பிள்ளை மகள் நடந்தாள். படிக்கல்லில் தண்ணீர் அருவியாக வந்தது. கையையும் ஊன்றி ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் அவள் நின்று, பின்னால் மூன்று தலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நடந்தாள். பெரிய கல் வந்ததும் லயத்துப் பெண் முன்னால் போனாள். "இங்கேருந்து எனக்குத் தெரியும். என் காலுக்குப் பின்னாலேயே கால வையுங்க" என்றாள். நீலத் துணிகளைத் தாண்டினோம். பச்சைத் துணி தெரிந்ததும் கடைக்காரர் மகள், "இங்க ஒரு குழி இருக்கு, எடது பக்கமா வாங்க" என்று முன்னுக்கு வந்தாள். அவர்களுக்குத் தெரிந்த நிலம் முடிந்தது. அதற்கு அப்பால் அந்த மூவருடைய தாளிலும் இல்லாத இடம். அங்கே நான் முன்னால் போனேன்.

மழைக்குள் ஒரு சிவப்பு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. கானுக்கு இந்தப் பக்கத்தில். அவள் தாண்டித்தான் இருக்கிறாள். நான் கத்தினேன். பதில் வரவில்லை. மறுபடி கத்தினேன்.

"அம்மா" என்றது.

நிழல் மரம் ஒன்றை அணைத்துக்கொண்டு நின்றாள். தாளைச் சட்டைக்குள் சொருகியிருந்தாள். உதடு நீலமாக இருந்தது. ஒரு கையில் இன்னும் குச்சிகள். என்னைப் பார்த்து அவள் சொன்னது இதுதான்: "ரெண்டு குச்சிதாம்மா பாக்கி."

நான் அவள் கன்னத்தில் அறைந்தேன். பிறகு பிடித்த பிடியை வீட்டுக்கு வரும் வரைக்கும் விடவில்லை. அவள் கையில் என் நகம் பதிந்த இடம் ஒரு வாரம் இருந்தது.

அன்று மாலை கம்பளியைப் போர்த்தி அடுப்புக்கு முன்னால் அவளை உட்கார வைத்தபோது லயத்துப் பெண் கேட்டாள்: "மழை வந்தவொடனே எறங்கியிருக்கலாம்ல?"

"எறங்க வந்தேன். கான் நெறஞ்சிருச்சு. மேல வரைக்கும் அப்பிடித்தான் போகுதுன்னு நெனச்சேன்."

"கத்தியிருக்கலாம்ல?"

"கத்துனேன். யாரும் இல்ல."

கடைக்காரர் மகள் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். அவளுடைய வாப்பா வந்தபோது நடந்ததை நானே சொன்னேன். அவர் நீண்ட நேரம் மலையைப் பார்த்தார். "மகள் இனிமே வராதுன்னு சொல்லணும் போல இருக்கும்மா" என்றார். "எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்றேன்.

மகளிடம் நான் சொல்லிவிட்டேன்: போதும், புள்ளியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். அவள் எதிர்த்துப் பேசவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை மூவரும் வந்தார்கள். கடைக்காரர் மகளையும் எப்படியோ அனுப்பியிருந்தார்கள். உள்ளே வராமல் வாசலிலேயே ஒரு பெரிய தாளை விரித்தார்கள். மூன்று நிரையை ஒட்டியிருந்தார்கள். கான் கல்லடியில் தொடங்கி இரண்டாவது நிரையிலிருந்து மூன்றாவதுக்கு உடையாமல் போனது. அதற்குப் பிறகு வெள்ளையாக ஒரு பட்டை.

"காலையிலேயே ஒருத்தி நிரைய ஒருத்தி நடந்து பாத்துட்டோம்" என்றாள் கணக்குப்பிள்ளை மகள். "எல்லாருக்கும் எல்லா நிரையும் இப்பத் தெரியும். இது மட்டும்தான் தெரியாது." அவள் குரலில் அன்று உத்தரவு இல்லை. "எப்பிடிப் போனா நீங்க விடுவீங்கன்னு நீங்களே சொல்லுங்க டொக்டரம்மா. அப்பிடியே போறோம்."

எப்படிப் போனாலும் விட மாட்டேன் என்பதுதான் என் பதில். அதைச் சொல்ல வாய் திறந்தேன். மகள் அறைக்கதவில் நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்த இரண்டு குச்சி. என்னைக் கேட்கவில்லை. நான் சொல்லப்போவது தெரிந்தவளைப் போல நின்றாள்.

"நானும் வாறேன்" என்றேன்.

பெரிய கல்லின் மேல் என்னை நிறுத்திவிட்டுப் போனார்கள். கான் தொடங்குகிற இடம் என் காலடியில் ஈரமாக மட்டும் இருந்தது. நான்கு பேரும் ஒரே நிரையில் போனார்கள். ஒருத்தி கயிறு பிடிக்க, ஒருத்தி குறிக்க, ஒருத்தி சும்மா நின்று மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரிவு மறைத்த இடத்தில் குரல் மட்டும் வந்தது. கேலியும் வந்தது.

"குச்சிய ஆழமா ஊன்றுடி."

"நீ கயித்த இழுக்காத, மலை சாஞ்சிரும்."

குரல்களை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. கல்லிலிருந்து இறங்கி நாலடி நடந்துவிட்டேன். அப்போது என் மகளின் குரல் கேட்டது, மூச்சு வாங்கிக்கொண்டு: "அம்மாவப் பாத்துச் சொல்லுங்கடி, முடிஞ்சிருச்சுன்னு."

வெறுங்கையோடு முதல் ஆளாக அவள்தான் சரிவில் இறங்கி வந்தாள். பின்னால் கடைக்காரர் மகள், "முழுப்பேரு, முழுப்பேரு" என்று கத்தினாள். நான்கு பேரும் சிரித்தார்கள். வானத்தில் ஒரு மேகமும் இல்லை. நான் குடையை விரித்தபடியேதான் வீட்டுக்கு வந்தேன்.